சாதாரணப்பட்ட ஆளில்லை

எங்கள் ஹிஸ்டரி மேடத்தோடு ஒரே பஸ்ஸில் போவதென்றால் எனக்கு உள்ளூர உதறல் எடுக்கும். ஏறியதும் மற்றவர்களைப் போல இடம் தேடி உட்காரமாட்டார். கம்பியைப் பிடித்து நின்றபடி முன்னாலிருந்து பின்னால் வரை ஒரு பார்வை பார்ப்பார். பழைய மாணவர் யாராவது கண்ணில் பட்டுவிட்டால் தீர்ந்தது. என் தோள்பையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்த ஆளின் முன்னால் நிறுத்திவிடுவார்.

ஒருமுறை தளி போகும் பஸ்ஸில் கண்டக்டரே பழைய மாணவராக அமைந்துவிட்டார். "காமர்ஸ் சார், இவன் யாருன்னு தெரியுமா? சாதாரணப்பட்ட ஆளுன்னு நெனச்சுக்காதீங்க. செகண்ட் இயர் படிக்கறப்ப, கெணத்துல உழுந்த கன்னுக்குட்டிய தனியா எறங்கித் தூக்கினவன்" என்றார். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே வெட்கப்பட்டார். அதோடு விட்டாரா என்றால் இல்லை. பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்களுக்குக் கன்னடத்தில் ஒரு தரம், பின்சீட்டுக்காரர்களுக்குத் தெலுங்கில் ஒரு தரம் கன்றுக்குட்டி கிணற்றில் விழுந்து எழுந்தது. இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டதாக யாரோ சத்தம் போட்டார்கள். கண்டக்டர் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

அவர் எங்கள் கல்லூரியில் வரலாறு எடுத்தார். எல்லோருக்கும் ஹிஸ்டரி மேடம். பெயரை இங்கே எழுதினாலும் பலருக்கு ஆள் தெரியாது, ஹிஸ்டரி மேடம் என்றால்தான் தெரியும். ஒருவரைப் பார்த்தால் இன்னொருவரிடம் அறிமுகப்படுத்தாமல் அவரால் நகர முடியாது. அறிமுகத்தில் அந்த ஆள் என்ன வேலை பார்க்கிறார், எவ்வளவு மார்க் வாங்கினார் என்பதெல்லாம் வராது. தன் கண்ணால் பார்த்த ஒரு காரியத்தை மட்டும் சொல்வார். கிருஷ்ணகிரியில் நர்சாக இருக்கும் பெண், பரீட்சை ஹாலில் மயங்கி விழுந்த சூப்பர்வைசருக்குத் தண்ணீர் தெளித்து எழுப்பிவிட்டு மிச்சப் பரீட்சையை எழுதியவள். சந்தையில் காய்கறி விற்கும் பெண், ஹாஸ்டல் சாம்பார் சரியில்லை என்று வாக்குவாதம் செய்து, தானே சாம்பார் வைத்து வார்டனைச் சாப்பிட வைத்தவள். ஒருவருக்கு ஒரு காரியம்தான். ஒட்டினால் ஒட்டியதுதான், ஆயுளுக்கும் மாறாது.

எனக்கு ஒட்டியது தக்காளி. வேலையில் சேர வந்த அன்று, விருதுநகர்ப் பக்கத்திலிருந்து இரவெல்லாம் பஸ்ஸில் வந்த அசதியில், கல்லூரி நிறுத்தத்தில் நிற்காத வண்டியில் ஏறிவிட்டேன். சூளகிரியைத் தாண்டி இறக்கிவிட்டார்கள். முதல் நாளே தாமதமாகப் போனால் என்ன நினைப்பார்களோ என்று பயந்து, தக்காளி ஏற்றிக்கொண்டு வந்த ஒரு டெம்போவை மறித்து, கிரேடுப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து வந்து சேர்ந்தேன். வாசலிலேயே சட்டையைத் தட்டி ஒன்றும் நடக்காத மாதிரி உள்ளே போனேன். இதை எதிர்ப்பக்க டீக்கடையிலிருந்து அவர் பார்த்திருக்கிறார். மதியத்துக்குள் கல்லூரி முழுக்கத் தெரிந்துவிட்டது. என் எம்.ஃபில். பட்டம் ஒருவருக்கும் ஞாபகமில்லை. அடுத்த பல வருடங்களுக்கு நான் தக்காளி வண்டியில் வந்த சார்தான். ஆரம்பத்தில் பற்றிக்கொண்டு வந்தது. அப்புறம் பழகிவிட்டது, ஆனால் பிடித்துப்போனது என்று சொல்லமாட்டேன்.

எங்கள் கல்லூரி சின்னது. ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே, நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளடங்கி நிற்கும் கலைக் கல்லூரி. சுற்றிலும் கம்பெனிகள். அதிக மார்க் வாங்கிய பிள்ளைகள் பெங்களூருக்குப் போய்விடுவார்கள், நடுவாந்தரம் எங்களிடம் காமர்ஸும் கம்ப்யூட்டரும் படிக்கும். எந்தக் கணக்கிலும் வராத பிள்ளைகள் ஹிஸ்டரி மேடத்திடம் வரும். தளி மலைப்பக்கம் ரோஜாத் தோட்டங்களில் கூலிக்குப் போகிறவர்களின் பெண்கள்தான் அதில் பாதி. நிர்வாகம் வரலாற்றுத் துறையை மூடிவிட்டு அந்த அறையிலும் கம்ப்யூட்டர் போட நினைத்தது. மூடினால் அந்தப் பெண்கள் ப்ளஸ் டூ முடித்த கையோடு கம்பெனி ஹாஸ்டலுக்குப் போவார்கள், இல்லையென்றால் கல்யாணம்தான்.

அந்தப் பேச்சு வரும்போது மட்டும் அவர் முகத்தில் அந்த வழக்கமான சிரிப்பு இருக்காது. "இங்க படிச்சாலும் அதே கம்பெனிக்குத்தான் போவுதுங்க, அது எனக்கும் தெரியும் சார். ஆனா மூணு வருஷம் ஒக்காந்து நாலு விசயம் பேசிட்டுப் போனா, அங்க போயி நிக்கற நெலையே வேற" என்றார் ஒருநாள் என்னிடம். நான் தலையாட்டினேன். நிர்வாகத்திடம் போய்ச் சொல்ல எங்கள் யாருக்கும் தைரியமில்லை, அவரும் போய்ச் சொல்லிப் பார்த்துத் திரும்பியவர்தான்.

அவருடைய அறிமுகம் எல்லா இடத்திலும் இனித்ததில்லை. பேரிகையிலிருந்து வந்து வரலாறு படித்த ஒருவனுக்கு ஓசூரில் கல்யாணம். அதற்குள் அவன் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். பெண் வீட்டில் எல்லோரும் வாத்தியார்கள். மாப்பிள்ளை படிப்பில் படு கெட்டி என்று அவர்களிடம் சொல்லி வைத்திருந்தார்கள் போல. மேடம் மேடையேறி, பரிசைக் கொடுத்து, மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டார். "சாதாரணப்பட்ட மாப்பிள்ளைன்னு நெனச்சுக்காதீங்க. பெயிலாகி பெயிலாகி, ஒவ்வொரு வாட்டியும் மறுபடியும் வந்து ஃபீஸ் கட்டி எழுதினவன். உடவே மாட்டான்."

மாமனாரின் சிரிப்பு போட்டோவுக்காக அப்படியே இருந்தது, கழுத்து மட்டும் மாப்பிள்ளை பக்கம் திரும்பியது. திரும்பும் வழியில் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் நடுரோட்டில் நின்றுவிட்டார். விழுந்து விழுந்து எழுந்திருக்கிற பையனைத்தானே பெண் கொடுப்பவர்கள் தேடுவார்கள் என்று என்னையே திருப்பிக் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை, ஆனால் ஊர் அப்படி நடப்பதில்லை. அந்தப் பேரிகைக்காரன் அன்றிரவே பழைய மாணவர்கள் வாட்ஸப் குழுவிலிருந்து விலகினான். அதற்கப்புறம் அவருடைய போனை எடுக்கவே இல்லை. பேரிகையிலிருந்து யார் வந்தாலும் மேடம் அவன் எப்படி இருக்கிறான் என்று விசாரிப்பார். எனக்குப் பாவமாக இருக்கும்.

இப்படிச் சில வருடங்கள் போனபின்தான் கல்லூரிக்கு ஆய்வுக்குழு வரப்போகிறது என்று தகவல் வந்தது. குழு நல்லபடியாக எழுதினால் வரலாற்றுத் துறை தப்பிக்கும், இல்லையென்றால் அடுத்த வருடம் சேர்க்கை கிடையாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. பெயர் சொல்லும்படியான பழைய மாணவர்களைக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். பிரின்சிபால் ஸ்டாஃப் மீட்டிங் போட்டு, நம் கல்லூரியில் படித்துப் புகழ்பெற்றவர்கள் யார் யார் என்று கேட்டார். கடைசியில் ஒருவர், லேஅவுட் போட்டு விற்கும் ஒரு பெரிய மனிதரை ஞாபகப்படுத்தினார். அவர் ஒரு வருடம் படித்துவிட்டு நின்றவர், ஆனால் அரங்கத்துக்கு ஃபேன் வாங்கிக் கொடுத்தவர். ஹிஸ்டரி மேடம் எழுந்து தன் ஆட்களைச் சொல்ல ஆரம்பித்தார். கிணறு வரை வந்ததும் பிரின்சிபால் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மேடம், கன்னுக்குட்டியெல்லாம் கமிட்டிகிட்ட எடுபடாதுங்க."

அவர் உட்கார்ந்துவிட்டார். அவர் மனது நோகக்கூடாதென்றோ என்னவோ, பிரின்சிபால் இன்னொன்று செய்தார். குழுவை வரவேற்று நெடுஞ்சாலைத் திருப்பத்தில் ஃப்ளெக்ஸ் வைப்பதாக இருந்தது. நிர்வாகத்தில் அண்ணன் தம்பி இருவர், யார் படத்தைப் பெரிதாகப் போட்டாலும் மற்றவர் பேசமாட்டார். அதனால் யாருக்கும் பொல்லாப்பில்லாமல், கல்லூரியின் மூத்த ஆசிரியை என்று ஹிஸ்டரி மேடத்தின் படத்தை மேலே பெரிதாகவும், கீழே வரிசை வரிசையாகப் பழைய மாணவர்களின் படங்களையும் போடச் சொன்னார். மேடத்திடம் படமே இல்லை. யார் போட்டோ எடுத்தாலும் அடுத்தவரை நடுவில் தள்ளிவிட்டுத் தான் ஓரமாகப் போய்விடுகிறவர் அவர். வேலைக்கு மனு போட்டபோது எடுத்த கறுப்பு வெள்ளைப் படம்தான் கிடைத்தது. ஃப்ளெக்ஸ் கடைக்காரர் அதைப் பெரிதாக்கி, மங்களகரமாக இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் எரிகிற குத்துவிளக்கு வைத்து, மேலேயிருந்து பூ தூவுகிற மாதிரியும் போட்டுவிட்டார்.

குழு வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் கட்டினார்கள். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும் இடம் அது. போகிற வேகத்தில் எழுத்தையெல்லாம் யார் படிக்கிறார்கள்? கறுப்பு வெள்ளைப் படம், விளக்கு, பூ, கீழே வரிசையாகச் சின்னச் சின்ன முகங்கள். எங்கள் பக்கம் அப்படி ஒரு ஃப்ளெக்ஸ் எதற்கு வைப்பார்கள் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஜன்னலோரம் இருந்த ஒருவன் ஓடுகிற பஸ்ஸிலிருந்தே படம் எடுத்திருக்கிறான். எழுத்து கலங்கி, முகம் மட்டும் தெளிவாக விழுந்த படம். அதை வாட்ஸப் குழுவில் போட்டு, நம் மேடம் போய்விட்டார் என்று எழுதிவிட்டான். அப்போது ஆசிரியர்கள் யாரும் அதில் இல்லை, மாணவர்களுக்குள் மட்டும் போனில் சேதி பரவிவிட்டது.

காலையில் நான் போனபோது மேடம் நல்ல பட்டுப்புடவை கட்டி, அரங்கத்தில் தண்ணீர் பாட்டில்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். பிரின்சிபால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். லேஅவுட்காரர் பெங்களூரில் ரிஜிஸ்ட்ரேஷன் இருக்கிறது, வர முடியாது என்று சொல்லிவிட்டாராம். பெயர் அட்டை வைத்த நாற்காலி முன்வரிசையில் காலியாக இருந்தது. அப்போதுதான் வாட்ச்மேன் ஓடிவந்து வாசலில் ஒரே கூட்டமாக இருக்கிறது என்றார்.

வெளியே வந்தோம். நீலச் சட்டை, சாம்பல் சட்டை என்று கம்பெனி யூனிஃபார்மிலேயே வந்திருந்தார்கள். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் வந்தவர்கள், பெர்மிஷன் போட்டு வந்தவர்கள், தளி கண்டக்டர், நர்ஸ், சந்தையில் காய் விற்கும் பெண், கைக்குழந்தைக்காரிகள். தளியிலிருந்து வந்தவர்கள் ஆள் உயரத்துக்கு ரோஜா மாலை ஒன்றை இருவராகத் தூக்கி நின்றார்கள். எல்லோருக்கும் முன்னால், மனைவியோடும் குழந்தையோடும், அழுது வீங்கிய முகத்தோடு நின்றவன் அந்தப் பேரிகைக்காரன்.

கையில் தண்ணீர் பாட்டிலோடு மேடம் படியில் வந்து நின்றார். கூட்டம் அப்படியே உறைந்துவிட்டது. பேரிகைக்காரன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஏன்டா, வேலைக்கிப் போவாம எல்லாரும் இங்க வந்து நின்னுக்கினு இருக்கறீங்க?"

கடைசியில் கண்டக்டர்தான், "நீங்க தவறிட்டீங்கன்னு சொன்னாங்க மேடம்" என்றார்.

யாருக்கோ நடந்ததைக் கேட்பது போல மேடம், "அப்பிடியா" என்றார். பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறார்கள், வெயிலில் நிற்க வைக்கலாமா என்று எங்களைக் கடிந்துகொண்டார். எதிர்ப்பக்க டீக்கடைக்காரரைக் கூப்பிட்டு அத்தனை பேருக்கும் டீ சொன்னார். மாலையைத் தொட்டுப் பார்த்து, ரோஜா நன்றாக இருக்கிறதே, யார் தோட்டம் என்று விசாரித்தார். மாலையைப் பிடித்திருந்த இருவருக்கும் அதை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து ஆய்வுக்குழுவின் கார் உள்ளே நுழைந்தது. பிரின்சிபாலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாய்ந்து போய் அந்த மாலையை வாங்கி, காரிலிருந்து இறங்கிய குழுத் தலைவரின் கழுத்தில் போட்டுவிட்டார். தலைவர் கர்நாடகத்துக்காரர். இவ்வளவு பெரிய மாலையை யாரும் தனக்குப் போட்டதில்லை என்று நெகிழ்ந்துபோனார். கூட்டத்தில் பாதிப் பேர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அந்த மாலை எதற்காகக் கட்டியது என்று இன்றுவரை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

பழைய மாணவர்கள் கூட்டம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று தலைவர் கேட்டார். பிரின்சிபால் ஆமாம் ஆமாம் என்றார். அப்புறம் நடந்தது முழுக்க மேடத்தின் ராஜ்யம். டீ கிளாசோடு நின்றவர்களை ஒவ்வொருவராகத் தலைவர் முன் நிறுத்திக் கன்னடத்தில் அறிமுகப்படுத்தினார். கன்றுக்குட்டி கிணற்றிலிருந்து ஏறியது, சூப்பர்வைசர் மயக்கம் தெளிந்து எழுந்தார், ஹாஸ்டல் சாம்பார் கொதித்தது. தலைவர் மாலையைக் கழற்ற மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். என்னையும் விடவில்லை, தக்காளிக்குக் கன்னடத்தில் என்ன என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

பேரிகைக்காரன் முறை வந்தது. அத்தனை வருடத்தில் முதல்முறையாக மேடம் தயங்கினார். அவன் மனைவியை ஒரு தரம் பார்த்தார், அவனைப் பார்த்தார். "இவன் பேரிகை" என்றார். அவ்வளவுதான், அடுத்தவரைக் கூப்பிடப் போனார்.

"மேடம், அதச் சொல்லுங்க" என்றான் அவன். அவர் குழந்தையின் தலையைத் தடவினார். அவனே தலைவரிடம் திரும்பி, "பெயிலாகி பெயிலாகி பாஸ் பண்ணவன் சார் நானு. உடவே இல்ல" என்றான். அவன் மனைவி சிரித்துவிட்டாள். வீட்டில் இப்போதும் இதைத்தான் சொல்லிக் காட்டுவேன் என்று சொன்னாள். மேடம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தக் குழந்தைக்கு டீ ஆற்றப் போய்விட்டார். எனக்கும் கண் கலங்கித்தான் போனது.

கிளம்பும்போது தலைவர் அவரிடம், எல்லோரையும் சொன்னீர்கள், உங்களைப் பற்றிச் சொல்லவில்லையே என்றார். மேடம் திருதிருவென்று விழித்தார். ஹிஸ்டரி எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு காலி கிளாஸ்களைப் பொறுக்க ஆரம்பித்தார். நாங்கள் அத்தனை பேர் நின்றோம், முன்னால் வந்து அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

குழு என்ன எழுதியதோ தெரியாது, வரலாற்றுத் துறை மூடப்படவில்லை. அந்த அறையில் தளிப் பிள்ளைகள் இன்றும் உட்கார்ந்திருக்கிறார்கள். மேடம் ஓய்வு பெற்று, சிங்காரப்பேட்டையில் தங்கை வீட்டுக்குப் போனார். போன வருடம் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே இறந்துபோனார். தங்கை எனக்குத்தான் போன் செய்தார்.

பிறகு என்னையும் சேர்த்திருந்த வாட்ஸப் குழுவில் செய்தியைப் போட்டேன். உடனே சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக வந்தன. இந்த முறை ஏமாற மாட்டோம் சார் என்று ஒருவன் எழுதினான். குழுவில் திரும்பச் சேர்ந்திருந்த பேரிகைக்காரன் போன் செய்து, "டீ உண்டுங்களா சார்?" என்று கேட்டான். எனக்குப் பேச்சு வரவில்லை. கொஞ்ச நேரம் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அப்புறம் அந்தப் பக்கமும் சத்தமில்லை.

சிங்காரப்பேட்டை சர்ச்சில் உள்ளே இடமில்லை. திரும்பவும் அதே யூனிஃபார்ம்கள், அதே மாதிரி ரோஜா மாலை. போதகர் மாற்றலாகி வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஆராதனைக்கு வந்து பின்வரிசையில் உட்காரும் ரிட்டயர்ட் டீச்சர் என்பதற்கு மேல் மேடத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. பெட்டியை மூடும் முன் நாலு வார்த்தை பேசவேண்டும், கூட வேலை பார்த்தவர் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார். பேரிகைக்காரன் என் பையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தினான்.

"ஐயா, சாரு சாதாரணப்பட்ட ஆளில்லைங்க. மொத நாளு வேலைக்கி லேட்டாவக் கூடாதுன்னு தக்காளி வண்டில ஏறி வந்தவரு."

போதகர் என்னைப் பார்த்து, அம்மா எப்படிப்பட்டவங்க என்று மெதுவாகக் கேட்டார். பெட்டிக்குள் மேடம் கண்ணை மூடியிருந்தார். அருகில் போய் நின்றேன்.

"சாதாரணப்பட்ட ஆளுன்னு நெனச்சுக்காதீங்க ஐயா" என்றேன். "தன்னோட சாவுக்கு வந்தவங்களுக்கெல்லாம் தானே நின்னு டீ வாங்கிக் குடுத்தவங்க."

அழுதுகொண்டிருந்த கூட்டம் சிரித்துவிட்டது.